புள்ளிகள் தீர்மானிக்கும் வட்டங்களை எண்ணுதல்: எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் வழியாக ஒரே ஒரு வட்டம்தான் செல்லும் என்பதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். தளத்தில் சில புள்ளிகளைக் கொடுத்துவிட்டு, அவை அனைத்தும் சேர்ந்து மொத்தம் எத்தனை வெவ்வேறு வட்டங்களைத் தீர்மானிக்கின்றன என்று கேட்டால், அந்தப் பள்ளிப் பாடம் உடனே கடினமாகிவிடுகிறது. புள்ளிகளின் எண்ணிக்கையை ந என்று கொள்வோம். எந்த மூன்றும் ஒரு கோட்டில் இல்லை, எந்த நான்கும் ஒரு வட்டத்தில் இல்லை என்றால் விடை ந(ந−1)(ந−2)/6; அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் நாம் உண்மையில் கையாளும் புள்ளிகள், அதிலும் முழு எண் ஆயத்தொலைவுகள் கொண்டவை, ஒரே வட்டத்தில் நான்கும் ஐந்துமாகச் சேர்ந்துகொள்ளும் இயல்புடையவை. அப்போது ஒரே வட்டத்தைப் பலமுறை எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முழு வேலையும்.

உரைகல்லாக ஒன்பது புள்ளிகளை வைத்துக்கொள்வோம்: 0, 1, 2 ஆகிய எண்களை மட்டும் ஆயத்தொலைவுகளாகக் கொண்ட 3×3 கட்டம். இவற்றிலிருந்து மூன்று மூன்றாக 84 வகையில் தேர்ந்தெடுக்கலாம். அவற்றில் 8 மும்மைகள் நேர்கோட்டில் விழுகின்றன. மீதி 76 முக்கோணங்கள். ஆனால் வெவ்வேறு வட்டங்கள் 34 மட்டுமே. அவற்றுள் 14 வட்டங்கள் நான்கு புள்ளிகள் வழியாகவும், 20 வட்டங்கள் சரியாக மூன்று புள்ளிகள் வழியாகவும் செல்கின்றன. 14×4 + 20 = 76 என்று கணக்கும் நேராகிறது. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் அது முதலில் இந்த 34-ஐத் தர வேண்டும்.

முறைகளுக்குள் செல்லும் முன் எதை எண்ணப் போகிறோம் என்பதை முடிவுசெய்துகொள்வது அவசியம். குறைந்தது மூன்று புள்ளிகள் உள்ள வட்டங்கள் அனைத்துமா, சரியாக மூன்று புள்ளிகள் மட்டும் உள்ளவையா, அல்லது மூன்று, நான்கு, ஐந்து என்று வகைவாரியான பட்டியலா? ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இரண்டாவது வகைக்குச் சாதாரண வட்டங்கள் என்றே தனிப்பெயர் உண்டு. என் கருத்தில், வகைவாரிப் பட்டியலைத் தரும் முறையே நல்ல முறை. ஏனெனில் அது இருந்தால் மற்ற இரண்டு விடைகளும் தாமாகவே கிடைத்துவிடும், பிழை இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கவும் அந்தப் பட்டியலே உதவும்.

பெரும்பாலோர் முதலில் எழுதும் நிரல், ஒவ்வொரு மும்மைக்கும் சுற்றுவட்ட மையத்தையும் ஆரத்தையும் தசம எண்களாகக் கணக்கிட்டு, 0.000001 போன்ற ஒரு வழு எல்லைக்குள் இரண்டு விடைகள் ஒத்துப்போனால் ஒரே வட்டம் என்று கொள்வதாகும். எழுத எளிது, சிறிய கட்டங்களுக்குச் சரியான விடையும் தரும். இருந்தும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். (0,0), (1000,0), (2000,1) ஆகிய மூன்று புள்ளிகளைப் பாருங்கள். ஏறக்குறைய நேர்கோட்டில் இருப்பதால் இவற்றின் சுற்றுவட்ட மையம் (500, 1000000.5) என்னும் தொலைவுக்குப் போய்விடுகிறது; ஆரத்தின் வர்க்கம் 1000001250000.25. கணினியின் வழக்கமான 64 பிட் தசம எண்ணில், இந்த அளவிலான இரண்டு அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள இடைவெளியே ஏறத்தாழ 0.00012. அங்கே 0.000001 என்ற வழு எல்லைக்குப் பொருளே இல்லை. எல்லையைத் தளர்த்தினால் உண்மையில் வேறுபட்ட சிறிய வட்டங்கள் ஒன்றாகிவிடும். இதைவிட அடிப்படையான குறை ஒன்றும் உண்டு: முதல் விடை இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும் எல்லைக்குள் ஒத்துப்போய், முதலும் மூன்றும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அப்போது எத்தனை வட்டங்கள் என்ற கேள்விக்கான விடை, புள்ளிகளை எந்த வரிசையில் படித்தோம் என்பதைப் பொறுத்து மாறும். எண்ணும் முறைக்கு அது பொருந்தாத குணம்.

அடுத்தது, நான்கு புள்ளிகள் ஒரே வட்டத்தில் உள்ளனவா என்று அணிக்கோவையால் சோதித்து, மிகையாக எண்ணியவற்றைக் கழிப்பது. 3×3 கட்டத்தில் இது அழகாக அமைகிறது: 76-லிருந்து, நான்கு புள்ளித் தொகுதி ஒவ்வொன்றுக்கும் மூன்று கழித்தால், 76 − 3×14 = 34. ஆனால் இந்தக் கழித்தல் எந்த வட்டத்திலும் நான்குக்கு மேற்பட்ட புள்ளிகள் இல்லாதவரை மட்டுமே சரி. 4×4 கட்டத்திற்குப் போனவுடனேயே, நடுவை மையமாகக் கொண்டு எட்டுப் புள்ளிகள் வழியாகச் செல்லும் வட்டம் ஒன்று வந்துவிடுகிறது. அதில் 56 மும்மைகளும் 70 நான்கு புள்ளித் தொகுதிகளும் உள்ளன. 56 − 210 என்று கழித்தால் அந்த ஒரு வட்டத்திற்கு −154 என்ற கணக்கு கிடைக்கும். போதாதற்கு, 1000 புள்ளிகள் இருந்தால் நான்கு புள்ளித் தொகுதிகள் 4,100 கோடிக்கு மேல். எனவே இதை எண்ணும் முறையாகக் கொள்ளாமல், ஐயம் வந்த இடத்தில் சரிபார்க்கும் சோதனையாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வழி, முதல் வழியின் குறையை நேரடியாகத் தீர்ப்பது. மையத்தையும் ஆரத்தையும் கணக்கிடாமல், வட்டத்தின் சமன்பாட்டையே நான்கு முழு எண் கெழுக்களாகப் பெற்று, அவற்றை மீப்பெரு பொது வகுத்தியால் சுருக்கி, முதல் கெழு மிகை எண்ணாக இருக்குமாறு குறியைச் சரிசெய்துவிட்டால், ஒரே வட்டம் எந்த மும்மையிலிருந்து வந்தாலும் அதே நான்கு எண்களாகவே வரும். அந்த நான்கையும் சாவியாகக் கொண்டு, ஒரே சாவியை ஒருமுறை மட்டும் பதிவுசெய்யும் ஹேஷ் டேபிளில் போட்டால், டேபிளில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கையே விடை. இதில் தோராயம் எதுவும் இல்லை. நூறு புள்ளிகள் வரை 1,61,700 மும்மைகள்தான் என்பதால், பைத்தானில் சில வரிகளில் எழுதி முடித்துவிடலாம். அங்கே முழு எண்களுக்கு அளவு வரம்பும் கிடையாது. சிறிய வேலைக்கு இதுவே போதும் என்று தயங்காமல் சொல்வேன்.

பெரிய வேலைக்குப் போதாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. 1000 புள்ளிகள் பெரும்பாலும் சிதறி அமைந்தால் 16,61,67,000 வரை சாவிகள் சேரலாம். ஒவ்வொன்றும் நான்கு 64 பிட் எண்கள் என்றால் சாவிகளுக்கு மட்டுமே 5.3 ஜிபி நினைவகம் தேவை. இரண்டாவதாக, கெழுக்களில் மிகப் பெரியது ஆயத்தொலைவின் நான்காம் படி அளவுக்கு வளரும். ஆயத்தொலைவுகள் 0 முதல் ஓர் உச்ச எல்லை வரை இருந்தால், அந்தக் கெழு உச்ச எல்லையின் நான்காம் படியைப் போல் 12 மடங்கைத் தாண்டாது என்று உறுதி சொல்லலாம். 64 பிட் முழு எண்ணுக்குள் அந்த உறுதி ஏறத்தாழ 29,000 வரையே செல்லுபடியாகும். அதற்கு மேல் சி++ போன்ற மொழிகளில் எண் நிரம்பி வழிந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தவறான சாவி உருவாகும்.

இந்த இரண்டு சிக்கல்களையும் ஒருசேரத் தீர்க்கும் நான்காவது வழியான கோண விகித முறை, ஒரே நாணின் மீது ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் சமம் என்ற பள்ளித் தேற்றத்திலிருந்தே பிறக்கிறது. அ, ஆ என்ற இரண்டு புள்ளிகளை நிலையாகப் பிடித்துக்கொண்டு, மற்ற ஒவ்வொரு புள்ளி இ-யிலிருந்தும் அவ்விரண்டையும் நோக்கிய வெக்டர்களை எடுங்கள். அவற்றின் புள்ளிப் பெருக்கலைக் குறுக்குப் பெருக்கலால் வகுத்தால், இ-யில் அமையும் கோணத்தின் கோடேன்ஜென்ட் குறியோடு கிடைக்கும். இ நாணின் மறுபக்கத்தில் இருந்தால் கோணம் 180 பாகையிலிருந்து கழித்ததாகும். புள்ளிப் பெருக்கலின் குறியும் மாறும், குறுக்குப் பெருக்கலின் குறியும் மாறும். ஆகவே விகிதம் மாறாது. வட்ட நாற்கரத்தின் எதிர்க் கோணங்களைப் பற்றிய தேற்றத்தை நிரலில் தனியாக எழுத வேண்டிய தேவையே இல்லாமல், குறிகளே அதைப் பார்த்துக்கொள்கின்றன. இதில் எனக்கு உண்மையிலேயே வியப்பு உண்டு. இரண்டு புள்ளிகள் அ, ஆ-வோடு ஒரே வட்டத்தில் உள்ளன என்றால், அவற்றின் விகிதங்கள் சமம். விகிதங்கள் சமம் என்றால் ஒரே வட்டம்.

உரைகல்லில் இதை உரசிப் பார்ப்போம். அ (0,0), ஆ (1,0) என்று கொண்டால் (2,0) அதே கோட்டில் இருப்பதால் குறுக்குப் பெருக்கல் சுழியாகிறது, அதை விட்டுவிடுகிறோம். (0,1), (1,1) ஆகிய இரண்டும் 1 என்ற விகிதத்தைத் தருகின்றன. (0,2), (1,2) ஆகியவை 4/2, அதாவது 2. (2,1) என்பது 3/1, (2,2) என்பது 6/2, ஆகவே இரண்டும் 3. ஆறு புள்ளிகள் மூன்று இணைகளாகப் பிரிந்துவிட்டன. இந்த நாண் வழியாகச் செல்பவை நான்கு புள்ளி வட்டங்கள் மூன்று மட்டுமே. மூன்றாவது வட்டம், அதாவது (0,0), (1,0), (2,1), (2,2) வழியாகச் செல்வது, படத்தைப் பார்த்து எண்ணுபவர்கள் அடிக்கடி தவறவிடுவது.

இப்படி ஒவ்வொரு இணைக்கும் குழுக்களைப் பிரித்து, எத்தனை புள்ளிகள் கொண்ட குழு எத்தனை முறை வந்தது என்று மட்டும் கூட்டிவைத்தால் போதும். மூன்று புள்ளி வட்டம் ஒன்று அதன் மூன்று நாண்களிலும் தனிப்புள்ளிக் குழுவாக மும்முறை வரும். நான்கு புள்ளி வட்டம் அதன் ஆறு நாண்களிலும் இரட்டைக் குழுவாக ஆறு முறை வரும். 3×3 கட்டத்தில் தனிக் குழுக்கள் 60, இரட்டைக் குழுக்கள் 84. 60-ஐ 3-ஆலும் 84-ஐ 6-ஆலும் வகுத்தால் 20, 14 என்று வகைவாரிப் பட்டியலே கையில் வந்துவிடுகிறது. வகுத்தலில் மீதி வந்தால் நிரலில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். விடையோடு சேர்த்துச் சோதனையையும் தரும் முறை இது ஒன்றுதான் என்பதே இதை நான் முன்னிறுத்துவதற்கான முதன்மைக் காரணம்.

செலவும் நியாயமானது. 1000 புள்ளிகளுக்கு 4,99,500 இணைகள். ஒவ்வொன்றுக்கும் 998 விகிதங்கள். மொத்தம் 50 கோடிக்குச் சற்றுக் குறைவு. மூன்றாவது வழியைப் போல் மும்மடங்கு கணக்கீடு என்பது உண்மைதான். ஆனால் எந்த நேரத்திலும் நினைவகத்தில் இருக்க வேண்டியவை 998 விகிதங்கள் மட்டுமே. விகிதத்தின் மேலும் கீழும் ஆயத்தொலைவின் இரண்டாம் படி அளவுக்குத்தான் வளர்வதால், 100 கோடி வரையிலான ஆயத்தொலைவுகள்கூட 64 பிட் எண்ணுக்குள் அடங்கிவிடும். 29,000 எங்கே, 100 கோடி எங்கே! இணைகள் ஒன்றையொன்று சாராதவை என்பதால் வேலையைப் பல கணினிக் கருக்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் எளிது. கவனிக்க வேண்டியது ஒன்றே: விகிதத்தை வகுத்துத் தசமமாக்கிவிடாமல், சுருக்கிய பின்னமாகவே, கீழ் எண் மிகையாக இருக்குமாறு வைத்துக்கொள்ள வேண்டும்.

கணினி இல்லாமல் தாளில் எண்ணுபவருக்கும், எண்ணிக்கை ஏன் அப்படி அமைகிறது என்று அறிய விரும்புபவருக்கும், தலைகீழ் உருமாற்றத்திற்கு ஈடான கருவி இல்லை. ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு, அதிலிருந்து மற்ற ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் தலைகீழாக்கினால், அந்த மையம் வழியாகச் செல்லும் வட்டங்கள் எல்லாம் மையத்தைத் தொடாத நேர்கோடுகளாக மாறுகின்றன. 3×3 கட்டத்தின் நடுப்புள்ளியைக் கொண்டு இதைச் செய்தால், நடுவிலிருந்து 1 தொலைவில் உள்ள நான்கு புள்ளிகள் அசையாமல் நிற்கும். மூலைகள் நான்கும் பாதித் தொலைவுக்கு உள்ளே வந்து, அசையாத புள்ளிகளை இணைக்கும் சதுரத்தின் பக்கங்களுக்குச் சரியாக நடுவில் அமர்ந்துவிடும். அதாவது, நடுப்புள்ளி நீங்கிய அதே 3×3 கட்டம், 45 பாகை திரும்பிய நிலையில் மீண்டும் கிடைக்கிறது! இனி எண்ண வேண்டியவை கோடுகள் மட்டுமே. எட்டுப் புள்ளிகளில் 28 இணைகள். சதுரத்தின் நான்கு பக்கங்களும் மூன்று புள்ளிக் கோடுகள், அவை 12 இணைகளை விழுங்கிவிடுகின்றன. மீதி 16 கோடுகளில் நான்கு, மையம் வழியாகச் செல்பவை, ஆகவே அவை வட்டங்கள் அல்ல. எனவே நடுப்புள்ளி வழியாகச் செல்லும் வட்டங்கள் 4 + 12 = 16. வகுப்பறையில் கரும்பலகையில் காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

ஆராய்ச்சியின் முதுகெலும்பும் இதே உருமாற்றம்தான். ஒரே கோட்டில் இல்லாத புள்ளிகளுக்குச் சரியாக இரண்டு புள்ளிகள் மட்டும் உள்ள கோடு ஒன்று உண்டா என்று சில்வெஸ்டர் 1893-இல் கேட்டார். வட்டங்களுக்கான இணையான கூற்றை, அதாவது ஒரே கோட்டிலோ ஒரே வட்டத்திலோ அடங்காத புள்ளிகளுக்குச் சாதாரண வட்டம் ஒன்று உண்டு என்பதை, மோட்ஸ்கின் 1951-இல் நிறுவினார். உருமாற்றத்திற்குப் பின் கிடைக்கும் இரண்டு புள்ளிக் கோடு, மையம் வழியாகச் சென்றுவிட்டால் அது வட்டமாகாது என்பதுதான் அங்கே உள்ள நுட்பமான தடை. கிரீனும் டாவோவும் 2013-இல் வெளியிட்ட கோடுகள் பற்றிய முடிவுகளின் துணையோடு, ஸ்வானபோல், டி ஸீவ் உள்ளிட்ட ஆறு பேர், சாதாரண வட்டங்கள் குறைந்தது ஏறத்தாழ ந²/4 இருக்கும் என்று காட்டினர். அதன் பிழை உறுப்பு ந-இன் முதல்படி அளவுக்கு மேல் போகாது.

ஆனால் நிரலாக எழுதும்போது தலைகீழ் உருமாற்றம் புதிதாக எதையும் தருவதில்லை. உருமாறிய மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் உள்ளனவா என்ற சோதனையைப் பிரித்து எழுதிப் பார்த்தால், பின்னங்கள் நீங்கியபின் நிற்பது இரண்டாவது வழியில் கண்ட அதே அணிக்கோவைதான்; எண்கள் வளரும் வேகமும் அதேதான். புள்ளிகளைப் பரவளையப் பரப்பின் மேல் உயர்த்தும் வழிக்கும், அதாவது (2,3) என்பதை (2, 3, 13) என்று வர்க்கங்களின் கூட்டலோடு முப்பரிமாணத்தில் வைத்து, வட்டங்களுக்குப் பதிலாகச் செங்குத்தல்லாத தளங்களை எண்ணும் வழிக்கும் இது பொருந்தும். புள்ளிகளைத் தன்னுள் அடைத்துக்கொள்ளாத வெற்று வட்டங்கள் மட்டும் போதும் என்றால் உயர்த்தும் வழி மிகச் சிறந்தது. வெற்று வட்டங்களைக் கொண்டு புள்ளிகளை முக்கோணங்களாக இணைக்கும் டெலோனே முக்கோணமாக்கம் அதிலிருந்தே எளிதாக விளங்கும். அனைத்து வட்டங்களையும் எண்ணும் நம் வேலை அதுவல்ல.

ஆகவே, முழு எண் ஆயத்தொலைவுகளும் நூற்றுக்கு மேற்பட்ட புள்ளிகளும் இருந்தால் கோண விகித முறை. அதற்குக் கீழே, விரைவாக ஒரு விடை வேண்டுமென்றால் சமன்பாட்டுச் சாவி. தாளிலும் பாடத்திலும் தலைகீழ் உருமாற்றம். எதை எழுதினாலும், விடை முன்பே தெரிந்த அமைப்புகளில் ஓட்டிப் பார்ப்பது இன்றியமையாதது. 34 தரும் கட்டம் போக, இன்னும் இரண்டைப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, (±5,0), (0,±5), (±3,±4), (±4,±3) ஆகிய பன்னிரண்டு புள்ளிகளும் ஆதிப்புள்ளியும். பன்னிரண்டும் 5 அலகு ஆரமுள்ள ஒரே வட்டத்தில் உள்ளன. அவற்றிலிருந்து எடுக்கும் 66 இணைகளில் 6 விட்டங்கள் மையத்தோடு கோடாகிவிடும். மற்ற 60 இணைகளும் மையத்தோடு சேர்ந்து ஆளுக்கொரு வட்டம் தரும். பெரிய வட்டத்தையும் சேர்த்து மொத்தம் 61. பதின்மூன்று புள்ளிகள் சிதறி அமைந்தால் 286 வட்டங்கள் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு குறைவு என்பது புரியும். ஒரே கோட்டிலோ வட்டத்திலோ அடங்காத புள்ளிகளுக்குக் குறைந்தபட்ச வட்டங்கள் எத்தனை என்ற கேள்விக்கு, 393-க்கு மேற்பட்ட புள்ளிகளுக்கான விடையை எலியட் 1967-இல் முன்வைத்தார். அதிலிருந்த பிழையைப் பின்னாளில் பர்டியும் ஸ்மித்தும் திருத்தினர். திருத்திய வாய்ப்பாடு, (ந−1)(ந−2)/2 + 1 என்பதிலிருந்து (ந−1)/2-இன் முழு எண் பகுதியைக் கழிப்பதாகும். மேலே செய்த கணக்கு அப்படியே அந்த வாய்ப்பாடாக இருப்பதைக் காணலாம்: 66 + 1 − 6.

இரண்டாவது, (±1,±1), (±2,±2) ஆகிய எட்டுப் புள்ளிகள். ஒன்றினுள் ஒன்றாக இரண்டு சதுரங்கள். வாய்ப்பாட்டில் ந = 8 என்று இட்டால் 21 + 1 − 3 = 19 வரும். எண்ணிப் பார்த்தால் சதுரங்களின் சுற்றுவட்டங்கள் 2, இருசமபக்கச் சரிவகங்கள் தரும் வட்டங்கள் 8, மூன்று புள்ளி வட்டங்கள் 8. மொத்தம் 18 மட்டுமே. வாய்ப்பாட்டைவிட ஒன்று குறைகிறது! கனசதுரத்தின் எட்டு முனைகளைக் கோளத்திலிருந்து தளத்தில் வீழ்த்தினால் கிடைக்கும் பின்னலும் இதுவே. புள்ளிகள் குறைவாக இருக்கும்போது வாய்ப்பாடு ஏன் பொய்க்கிறது என்பதற்குச் செக்ரே காட்டிய எடுத்துக்காட்டும் கனசதுரத்திலிருந்து வந்ததுதான். இந்த எட்டுப் புள்ளிகளுக்கு 19 என்று விடை தரும் நிரல் பெரும்பாலும் ஒரு நான்கு புள்ளி வட்டத்தை இரண்டாகப் பார்க்கிறது என்றே கொள்ள வேண்டும்.

தசம எண்களைத் தவிர்க்கவே முடியாத இடம் ஒன்று உண்டு: புள்ளிகள் அளவெடுத்துப் பெற்றவையாக இருக்கும்போது. அங்கே நான்கு புள்ளிகள் துல்லியமாக ஒரே வட்டத்தில் இருக்கின்றனவா என்ற கேள்விக்கே இடமில்லை. அளவீட்டுப் பிழைக்குள் பொருந்தும் வட்டங்கள் எவை என்பதுதான் கேள்வி. அத்தகைய தரவில் அளவீட்டின் நுண்மைக்கு ஏற்ப ஆயத்தொலைவுகளை முழு எண்களாக்கிக் கோண விகித முறையில் எண்ணினால், ஏறக்குறைய எல்லா மும்மைகளும் தனித்தனி வட்டங்களாகவே வந்து நிற்கும். எண்ணுவதைக் கைவிட்டு, புள்ளிக் கூட்டத்திற்குப் பொருந்தும் வட்டத்தை மீச்சிறு வர்க்க முறையில் தேட வேண்டும் என்பதற்கு அதுவே போதிய அடையாளம்.